கழற்றிய நேரம், மாட்டிய நேரம்

வெள்ளிக்கிழமைக்காகப் பூஜைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். குத்துவிளக்கு, பஞ்சபாத்திரம், தூபக்கால். அவற்றோடு பாதாமின் மணியையும் எடுத்துக்கொண்டேன். சுண்டைக்காய் அளவு பித்தளை மணி. தேய்த்தேன், அலம்பினேன், துடைத்தேன். ஒலித்தது. ஒன்றும் தோன்றவில்லை. புளி வாசனை மட்டும் விரலில் இருந்தது. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

கொண்டாப்பூர் அடுக்ககத்தில் எதிரெதிர் வாசல் நமக்கு. நீ பல்கலைக்கழகத்தில் வரலாறு நடத்துகிறவள். பிறவியிலேயே பார்வை இல்லை. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். நான் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஐந்தாம் வகுப்போடு நின்று, ஸ்லோகப் புத்தகத்தையும் பழைய வாரப் பத்திரிகைகளையும் வைத்து எழுத்தைப் பிடித்துக்கொண்டவள். பாதாம் உன் வழிகாட்டி நாய். கெட்டியான பிடி வைத்த ஒரு வாரை அவன் முதுகில் பூட்டுவாய், ஹார்னஸ் என்பாய். அது முதுகில் இருந்தால் அவன் வேலையில் இருக்கிறான். யாரும் தொடக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது, தின்னக் கொடுக்கக் கூடாது. முதல் நாளே சொல்லிவிட்டாய். "வேலைக்கு இங்கிலீஷ், விளையாட்டுக்குத் தமிழ். அப்பத்தான் அவனுக்குக் குழப்பம் வராது அக்கா."

எல்லாம் கேட்டுக்கொண்டேன். பிறகு தேய்பிறை அஷ்டமி வந்தது. பைரவருக்கு மிளகு வடை மாலை சாத்திவிட்டுக் கதவைத் திறந்தால், பைரவரின் வாகனமே லிஃப்டுக்குக் காத்து நிற்கிறது. ஒரு வடை கொடுத்தேன். தீனி இல்லை, பிரசாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் கொடுத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். அடுத்த அஷ்டமிக்கும் கொடுத்தேன். அதற்கப்புறம் நான் அஷ்டமி வரை காத்திருக்கவில்லை.

ஒருநாள் காலை லிஃப்ட் ஓடவில்லை. நீ படியில் கால் வைத்த நேரத்தில் நான் கதவைத் திறந்தேன். பாதாம் என் பக்கம் திரும்பினான். நீ விழுந்தாய். வலது மணிக்கட்டு.

கட்டுப் போட்ட கையோடு இருந்த உன்னிடம் வடை விஷயத்தைச் சொன்னேன். நீ சிரித்தாய். "ஹவ், தெரியும் அக்கா, எனக்கு மூக்கு இல்லையா? மிளகும் எண்ணெயுமா மூச்சு விட்டுக்கிட்டு வந்தான். உங்க மனசு கஷ்டப்படுமேன்னு பேசாம இருந்தேன். தப்பு ரெண்டு பேர் மேலயும்தான்."

பாதாமைப் பழக்கியவர் வந்து ஒரு நாள் முழுக்க அவனைப் பார்த்தார். வடை பாதிதான் காரணம் என்றார். அவனுக்கு அவிழ்த்துவிட்டு ஓட இடமே இல்லை. ஓடாத நாய் வேலையிலேயே விளையாட்டைத் தேடும். மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால் திரும்ப அழைத்துக்கொள்வோம் என்றார். அவர் போன பிறகு நீ பாதாமின் காதைத் தடவிக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய்: "அவன் போனா மறுபடி யார் கையையாவது பிடிச்சுக்கிட்டுத்தான் நான் கிளாசுக்குப் போகணும். நக்கோ அக்கா, வேண்டாம். அது மட்டும் நக்கோ."

உன் கை சேரும்வரை தினமும் உன்னோடு பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்தேன். அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு நாயை அவிழ்த்துவிட ஓர் இடம் இல்லை. ரோட்டில் வண்டி, புல்வெளியில் வாட்ச்மேன், மற்ற இடமெல்லாம் தெருநாய்கள். பால் வந்த நேரம், தண்ணீர் லாரி வந்த நேரமெல்லாம் எழுதி வைக்கிற கை இது; சும்மா இருக்குமா? ஹார்னஸ் மாட்டிய நேரம், கழற்றிய நேரம் என்று நோட்டில் இரண்டு கட்டம் போட்டேன்.

பாதாம் ஓட வளாகத்தில் ஓர் இடம் கேட்டு நீ விண்ணப்பம் கொடுத்தாய்; அந்த நோட்டோடுதான் உன்னுடன் பல்கலைக்கழக அதிகாரியின் அறைக்குள் வந்தேன். உன் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு அவர் தெலுங்கில் கேட்டார், வேலை செய்கிற நாய்க்கு விளையாட்டு எதற்கு மேடம் என்று.

நீ உடனே தெலுங்கிலேயே, "உங்க ஸ்டாஃப் ரூம்ல கேரம் போர்டு எதுக்கு சார்?" என்றாய். சத்தம் கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்திருந்தோம்.

அவருக்கு முகம் சுருங்கியது. காரியம் கெட்டது என்று நினைத்தேன். என் தெலுங்கு பஸ் போர்டு பார்த்துக் கற்ற தெலுங்கு. அதைப் பேசி அசடு வழிய வேண்டாம் என்று நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். தமிழ் அவருக்குத் தெரியாது, எண்கள் தெரியுமே. காலை எட்டு நாற்பதுக்கு மாட்டியது, மாலை ஆறேகாலுக்குக் கழற்றியது. நடுவில் கார் நிறுத்துமிடத்தில், கயிற்றோடு, நான்கு நிமிடம். பக்கம் பக்கமாக அதேதான். அவர் விரல் வைத்துக் கடைசிவரை பார்த்தார். பிறகு, "லைப்ரரிக்குப் பின்னால் பழைய வாலிபால் கோர்ட் இருக்கிறது," என்றார். ஒரு நிபந்தனை போட்டார்: சாவிக்கும் பதிவேட்டுக்கும் ஒரு ஆள் பொறுப்பேற்க வேண்டும். நீ என் பக்கம் கையைக் காட்டினாய், என்னைக் கேட்காமலே.

வேலி போட்டார்கள். ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்கும்படி இரட்டைக் கதவு வேண்டும் என்று நின்று வாங்கினாய். உள்ளே மண் தரை, வேப்பமர நிழல், ஒரு குழாய், ஒரு சிமெண்டு பெஞ்சு. அவன் எங்கே ஓடுகிறான் என்று உனக்குத் தெரிய வேண்டுமே என்று என் பூஜை அலமாரியில் கிடந்த மணியைக் கொடுத்தேன். ஹார்னஸைக் கழற்றுவாய், மணியைக் கட்டுவாய், "ஓடு" என்று தமிழில் சொல்வாய். முதல் நாள் அவன் ஓடவில்லை. நின்று உன்னையே பார்த்தான். "ஓடுடா, நிஜமாத்தான்," என்றாய். அப்புறம் மணி எல்லா மூலையிலும் கேட்டது. "இப்ப கொடுங்க அக்கா உங்க பிரசாதத்தை," என்றாய். மிளகு போடாமல் தனியாகத் தட்டிய ஒரு வடை.

பழக்கியவர் மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து, படியிறங்கும்போது பாதாம் என் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காததைக் கண்டார். அவன் உன்னோடேயே இருந்தான். ஒரு மழைக்காலம், ஒரு கோடை, மறுபடி ஒரு மழைக்காலம்.

அன்றைக்கும் ஐந்து பத்துக்குக் கழற்றினாய். "ஓடு" என்றாய். நான் குழாயடியில் அவனுடைய தண்ணீர்க் கிண்ணத்தை அலம்பிக்கொண்டிருந்தேன். மணி வேலியோரமாகப் போனது, திரும்பி வந்தது, உன் முன்னால் நின்றது. பந்தை உன் மடியில் வைத்தான். அது உருண்டு விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தான். மூன்றாம் முறை என்னைப் பார்த்தான்.

உனக்கு நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது என்றார். வீட்டுக்கு வந்து குக்கர் வைத்தேன். மூன்று விசில் எண்ணி அணைத்தேன். இன்றுவரை அழுகை வரவில்லை. விளக்கேற்றுகிறேன், ஸ்லோகம் சொல்கிறேன், வாய் சொல்கிறது.

பாதாம் இப்போது வேறு ஊரில் வேறொருவரோடு வேலையில் இருக்கிறான். நன்றாக இருக்கிறானாம். அவனை அனுப்பும்போது மணியை மட்டும் கழற்றிக்கொண்டேன்.

சாவி என்னிடம்தான் இருக்கிறது. இந்த வருடம் ஒரு மாணவி கறுப்பு நாயோடு வருகிறாள், உன்னைப்போல் பார்வை இல்லாதவள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். நேற்று அவள் கேட்டாள், நாய் எங்கே ஓடுகிறதென்று எப்படித் தெரிந்துகொள்வது என்று. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். அதற்காகத்தான் இன்று தேய்த்தது.

பதிவேட்டை நான்தான் எழுதுகிறேன். கழற்றிய நேரம், மாட்டிய நேரம், இரண்டும் தினமும் நிரம்புகின்றன. கணக்கில் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விட்டவளில்லை நான். உன் கடைசி வரியில் மட்டும் ஐந்து பத்து என்று இருக்கிறது, பக்கத்தில் ஒன்றும் இல்லை. அன்று அவனைக் கயிற்றில்தான் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஹார்னஸை யாரும் மாட்டவில்லை. அதில் நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. அந்த வரியில் அவன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கட்டும்.