துக்க வீட்டு மாங்கனி

ஐம்பதை நெருங்கும் என்னைக் கடைசி வரை ‘குட்டி’ என்றே கூப்பிட்ட என் அப்பாயிக்கு,

“நீதான் சாமி இல்லைங்கிறியே, அப்புறம் யாருக்காக மாம்பழம் எறைக்கணும்ங்கிறே?” என்று பெரியப்பா கேட்டார்.

அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்கு முதல் நாள் அது. நீ போய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது. தலைத் திவசம் முடியாத வீடு, பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், மாடியிலிருந்து பழம் இறைக்கக் கூடாது என்பது உன் மூத்த மகனின் தீர்ப்பு. நீ வாழ வந்த வருஷத்திலிருந்து விடாமல் இறைத்த மாடி அது. நான் வாங்கி வைத்திருந்த பங்கனப்பள்ளிக் கூடையைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“துக்க வீட்டுப் பழத்தை எவன் எடுப்பான்? தெருவுல கெடந்து நாறும். அம்மாவுக்குத்தான் கேவலம்.”

தாத்தா இறந்த வருஷமும் இதே சண்டை நடந்தது, நினைவிருக்கிறதா? எழுபதுகளின் தொடக்கம். பெரியப்பாவின் மீசை அப்போது கறுப்பு. “தாலியறுத்த கையோட மாடிக்குப் போறியாம்மா?” என்று அவர் கேட்டார். நீ திருநீறு பூசிக்கொண்டே திரும்பினாய்.

“பேய் உருவம் கேட்டு வாங்கி, சுடுகாட்டுல உக்காந்து பாடினவ நம்ம அம்மையாரு. அவளுக்குத் தீட்டு என்னடா தீட்டு? ஒனக்குப் பயமா இருந்தா உள்ள போயிப் படுத்துக்க.”

அன்று உன் பழங்களை யாரும் எடுக்கவில்லை. மாடுதான் தின்றது. “மாட்டுக்கு மட்டும் வாய் இல்லியா?” என்று சொல்லி மிச்சத்தையும் இறைத்தாய். நான் அன்றும் சாமியை நம்பவில்லை. ஆனால் வெள்ளைப் புடவையோடு நீ நின்ற அந்த இடத்தை யார் சொல்லியும் பூட்ட விட மாட்டேன்.

உன் கருமாதிக்கு வந்தவர்கள் உன்னை வாயில்லாப் பூச்சி என்று புகழ்ந்தார்கள். கோயில் உண்டு, குடும்பம் உண்டு என்று இருந்த புண்ணியவதியாம். விடியற்காலைக் கோயிலும் வீடு முழுக்கப் பிள்ளைகளுக்குச் சமைத்ததும் உண்மைதான். ஆனால் “படிக்கப் போனா கோயில் பக்கமே வர மாட்டா” என்று பெரியப்பா என்னை மறித்தபோது, “வராட்டிப் போறா, அவளுக்கும் சேத்து நான் கும்பிட்டுக்கறேன்” என்றது யார்? வாயில்லாப் பூச்சியா?

நீ கேட்கும் ஊர்க்கதை ஒன்று சொல்கிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டு சொல்தாவுக்கு அவர் மகன் பாரிசிலிருந்து கலர் டிவி கொண்டுவந்தான். அந்த ஊர் டிவி இங்கத்து ஒளிபரப்புக்கு ஒத்துவராதாம், படம் கறுப்பு வெள்ளையில்தான் வருகிறது. கிழவர் கோபித்துக்கொண்டு அதன் மேல் துணி போட்டு மூடிவிட்டார்.

திருவிழாவன்று மேளம் நெருங்கியதும் மாடிக் கதவைத் திறந்தேன். பெரியப்பா படியடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். முதல் பழம் சொல்தா வீட்டு முன்னால் விழுந்தது. ஒரு சிறுமி குனிந்தாள். அவள் தாய் கையைப் பிடித்து இழுத்தாள்.

“துக்க வீட்டுப் பழம்டி. தொடாதே.”

இன்னும் சில பழங்கள் விழுந்து கிடந்தன. கூட்டம் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தது. எனக்குக் கை தயங்கியது, மறைப்பானேன்? அப்போது கீழேயிருந்து ஒரு குரல். உனக்கு மீன் கொண்டுவரும் மண்டபத்தூர்க்காரி.

“எங்க ஊர்ல எழவு விழாத வீடு எதும்மா? இந்தப் பக்கம் போடு தாயி.”

மடியை விரித்து நின்றாள். போட்டேன். பிடித்தவள் அங்கேயே ஒரு கடி கடித்துவிட்டு, “கெழவி வீட்டுப் பழம் என்னிக்குடி புளிச்சிருக்கு?” என்று பக்கத்திலிருந்தவளை இடித்தாள். அவளும் மடியை விரித்தாள். பிறகு என் கூடை போதவில்லை.

யாருக்காக என்பது இன்னும் தெரியாது. அது தெரியாமலே அடுத்த வருஷமும் அந்தக் கதவைத் திறப்பேன். இவ்வளவு காலம் எனக்கும் சேர்த்து நீ கும்பிட்டாய். உனக்கும் சேர்த்து நான் இறைப்பேன். கும்பிட மட்டும் சொல்லாதே.

மறுநாள் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பெரியப்பா காபி குடிக்கவில்லை. “திவசத்துக்கு வர்றேன்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தன் வீடு இருக்கும் குரும்பகரத்துக்கு பஸ் ஏறினார். நான் தெருவைப் பெருக்கினேன். தோலும் கொட்டையுமாகக் கிடந்தது. அந்த முதல் பழம் மட்டும் சொல்தா வீட்டுச் சுவரோரம் முழுசாக இருந்தது. எடுத்துக் கழுவி, தெரு பார்க்க வாசலில் நின்று தின்றேன். நல்ல இனிப்பு.

உன் சின்ன மகன் வயிற்றுப் பேத்தி,
குட்டி