பேச்சி தேனருவி போன நாள்

12-7-58, சனி. குற்றாலம், சத்திரம்.

காலை வண்டி முக்கால் மணி தாமதம். அம்பாசமுத்திரம் வரை சுள்ளென்று வெயில். கடையம் தாண்டியதும் சன்னல் காற்று குளிர்ந்துவிட்டது. தென்காசியில் இறங்கும்போது சாரல். கோயில் மொட்டைக் கோபுரத்துக்குப் பின்னால் மலையே தெரியவில்லை, எல்லாம் மேகம்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் நாலு மாதம். நானும் பேச்சியும் மட்டுமாக ஓர் ஊருக்குப் போவது இதுதான் முதல் தடவை. வீட்டில் ஒன்பது பேர். சாப்பாடு ஆச்சா, சட்டை எங்கே, விளக்கை அணை: இதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. குற்றாலம் போவோமா என்று போன வாரம் அவள்தான் கேட்டாள். என்னிடம் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம். அருவித் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாக அம்மாவிடம் சொன்னேன். எந்த டாக்டர் என்று அம்மா கேட்கவில்லை. நல்லவேளை.

ஆபீஸ் நண்பரின் தம்பியிடம் பட்டாளத்துப் பை இரவல். முதுகில் மாட்டுவது. போன வருஷம் ஜங்ஷன் ரயிலடியில் ஒரு வெள்ளைக்காரன் இதே மாதிரிப் பையோடு தரையில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். ஆறு மாதமாகக் கையில் காசில்லாமல் ஊர் சுற்றுகிறானாம். அன்றிலிருந்து எனக்கும் ஒரு பைத்தியம்.

பைக்குள்: அரிசி, காணப்பயறு, உப்பு, மிளகாய்ப்பொடி, சின்னப் பானை, பாய் ஒன்று, போர்வை இரண்டு, டார்ச், என் டைரி. மாற்றுத்துணி. அவளுடையது என்னுடையதில் பாதிதான்.

குதிரை வண்டி வேண்டாம், நடப்போம் என்று வீறாப்பாகச் சொன்னேன். ஒரு மைல் தாண்டவில்லை, வார் தோளை அறுத்தது. நான் தோள் மாற்றி மாற்றிப் போடுவதை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இங்கன தாங்க," என்றாள்.

"வேண்டாம். ஆளுங்க பாப்பாங்க."

"பாத்தா பாக்கட்டும். நான் நெல்லு மூட தூக்குனவ."

வாங்கி மாட்டிக்கொண்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு குற்றாலம் வரை நான்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. வழியில் ஒரு மாட்டு வண்டிக்காரன், "அண்ணாச்சி கைய வீசிட்டு நல்லா வாராரு," என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது காதில் விழுந்தது. அவளுக்கும் விழுந்தது. சிரித்தாள். அவள் பல்வரிசையை இவ்வளவு பகலில் பார்த்ததில்லை.

சத்திரத்தில் ஓர் அறை கிடைத்தது. ஓடு ஒரு மூலையில் ஒழுகுகிறது. மற்ற மூன்று மூலைகள் நமக்கு.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. செங்கோட்டை தாலுகா ஆபீசுக்கு சீனியர் கிளார்க்காகப் போட்டு உத்தரவு வந்து ஒரு மாதம் ஆகிறது. சம்மதம் தெரிவிக்கக் கடைசி நாள் பதினெட்டு, வெள்ளிக்கிழமை. பதில் போகாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். சொல்லாமலே விட்டுவிட்டால் ஒருவருக்கும் வருத்தமில்லை. காகிதம் டைரிக்குள் இருக்கிறது.

13-7, ஞாயிறு.

விடியுமுன்பே பேரருவி. கூட்டம். எண்ணெய் தேய்க்கிற ஆள் என்னைக் கல்லில் உட்கார்த்தி, முதுகில் தாளம் போட்டான்.

"அண்ணாச்சி ஒடம்புல எலும்ப வச்சித் தச்சிருக்காப்ல இருக்கே. என்ன உத்தியோகம்?"

"குமாஸ்தா."

"அதான் பாத்தேன். கழுத்து வலப்பக்கமே சாஞ்சி நிக்கி."

தண்ணீருக்குள் போனதும் தலையில் கல்மூட்டையைக் கொட்டியது போல. மூச்சு போய் வந்தது. கத்தினேன். எல்லோரும்தான் கத்தினார்கள், அதனால் வெட்கமில்லை. பெண்கள் பக்கம் பேச்சி (இனி பே. போதும்) போனது ஆறரைக்கு. வெளியே வந்தது எட்டுக்கு. உதடெல்லாம் நீலம், கண் இரண்டும் சிவப்பு. "இன்னொரு தடவ போயிட்டு வரட்டா?" என்று கேட்டாள்.

குரங்கு ஒன்று சோப்புப் பெட்டியைப் பறித்துக்கொண்டு கூரைமேல் ஏறியது. திறந்து கடித்துப் பார்த்தது. முகம் போன போக்கை எங்கள் ஹெட் கிளார்க்கிடம்தான் இதற்கு முன் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். அவள் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சொல்லி அவள் சிரித்தது இதுவே முதல்.

மூன்று கல் வைத்துக் கஞ்சி, காணத் துவையல். மங்குஸ்தான் பழம் நாலு. மழையைப் பார்த்துக்கொண்டே தின்றோம்.

பேச்சு, அவள் பக்கமிருந்து: அச்சன்புதூரில் அவள் வீட்டு எருமை பற்றி, எட்டாம் வகுப்போடு நிறுத்தியது பற்றி, கணக்கில் அவள்தான் முதல் என்பது பற்றி. நான் கேட்டதில்லை, அதனால் அவள் சொன்னதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

உத்தரவைப் பற்றிச் சொல்ல இரண்டு தடவை வாய் திறந்தேன். இரண்டு தடவையும் சோப்பு பற்றிப் பேசினேன்.

14-7, திங்கள். செண்பகாதேவி அருவி. மணி பதினொன்று.

மலை ஏறி வந்தாயிற்று. பாதை முழுக்க வழுக்கு, வேர், அட்டை. என் காலில் ஏழு. அவள் உப்பைத் துணியில் முடிந்து கொண்டு வந்திருந்தாள், ஒற்றி ஒற்றி எடுத்தாள். கடைசிப் பாறையில் வலது கால் பிசகிவிட்டது. கணுக்கால் வீக்கம். இதற்கு மேல் தேனருவிக்கு இரண்டு மைல் இருக்கும் என்கிறார்கள். என்னால் ஆகாது.

இங்கே கடையநல்லூர்க் குடும்பம் ஒன்று. காசிம் என்று ஜவுளி வியாபாரி, ஐம்பது வயது, முழங்கால் வலிக்காரர். மனைவி பாத்திமா. இரண்டு பெரிய பையன்கள், கல்லூரியில் படிக்கிறவர்கள். அவர் இங்கேயே இருக்க, மற்ற மூவரும் தேனருவி கிளம்பினார்கள். பே. அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாத்திமா அக்காதான் கேட்டார்: "நீயும் வாரியா தங்கச்சி? ஒரு பொம்பளத் துணை இருந்தா எனக்கும் நல்லதுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். போ என்று சொன்னேன். நானே எதிர்பார்க்கவில்லை.

"ரெண்டு மணிக்குள்ள வந்துருவோம்," என்றாள். போகும்போது கால்விரல் நுனியில் போனாள், சின்னப் பிள்ளை மாதிரி.

அதே இடம். ஒன்று பத்து.

மேலே மலை கறுத்துவிட்டது. இங்கே தூறல். அருவியின் சத்தம் கனத்திருக்கிறது. தண்ணீர் காலையில் வெள்ளையாக இருந்தது, இப்போது செம்மண் நிறம். காசிம் அண்ணாச்சி கொழும்பு வியாபாரம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது வானத்தைப் பார்க்கிறார்.

இரண்டரை.

வரவில்லை. நல்ல மழை. அருவியோர அம்மன் கோயில் பக்கத்துப் பாறை இடுக்கில் இருவரும். டைரியை மடிக்குள் வைத்து எழுதுகிறேன். பாதை ஓடையை இரண்டு இடத்தில் கடக்கிறதாம். காலையில் கணுக்கால் ஆழம்தான் என்று பூசாரி சொன்னார். இப்போது எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அண்ணாச்சி எழுந்து நாலு அடி நடப்பார், முழங்காலைப் பிடிப்பார், உட்காருவார். திடீரென்று சொன்னார்: "அவளுக்கு நீச்சல் தெரியுமான்னு எனக்குத் தெரியாது தம்பி. இருவத்திரெண்டு வருசம். பாதி கொழும்புல போயிட்டு. கேட்டதே இல்ல."

"எனக்கும் தெரியாது," என்றேன்.

"ஒம் பொஞ்சாதிக்கா?"

"ஆமா."

பிறகு இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதை நினைத்ததற்காக என்மேலேயே எரிச்சல். அவள் இல்லாவிட்டால் எனக்கு என்ன என்பதல்லவா முதலில் தோன்ற வேண்டும். தோன்றியது. கொஞ்சம் பிந்தித் தோன்றியது. ஆனால் வந்தபின் போகவில்லை.

சத்திரம். மாலை ஐந்தரை.

வந்துவிட்டார்கள். நான் நொண்டிக்கொண்டே பாதையில் ஏறிப் போயிருந்தேன், அண்ணாச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு. இரண்டு நொண்டிகள். மூன்றேகாலுக்கு மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் வந்தது பேச்சி. தலை முதல் கால் வரை தண்ணீர். கையில் பாத்திமா அக்காவின் செருப்பு.

நடந்தது, பையன்கள் சொன்னது: திரும்பும்போது ஓடையைக் கடக்கிற இரண்டாவது இடத்தில் தண்ணீர் இடுப்பளவு. பெரியவன் தாவிப் போகிறேன் என்று வேட்டியை மடித்திருக்கிறான். பே. அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "ஏலே, உக்காரு. ஏறுன வேகத்துலயே எறங்கிரும். எங்கூரு கால்வாய்ல வருசா வருசம் பாக்கேன்." கரையில் ஒரு குச்சியை நட்டாளாம். தண்ணீர் குச்சியை விட்டு ஒரு சாண் இறங்கும் வரை ஒருவரையும் எழ விடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல். கல்லூரிப் பையன், தன்னைவிட நாலு விரல் குட்டையான பெண்ணுக்கு அடங்கி மழையில் உட்கார்ந்திருக்கிறான். அதைச் சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு.

காசிம் அண்ணாச்சி மனைவியைப் பார்த்ததும் முதலில் கேட்டது: "ஒனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியும். எதுக்குக் கேக்கீக?" என்றார் அவர். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நானும் கேட்டேன். பே.வுக்கு நீச்சல் தெரியாது. "அதான குச்சி நட்டேன்," என்றாள்.

இறங்கும் வழியெல்லாம் தேனருவி பற்றித்தான். பாறை அந்த உயரமாம். அதில் தேன்கூடு, கறுப்பாக, வரிசையாக, கதவு அகலத்துக்கு. தண்ணீர் விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காதாம். "நான் சத்தமாப் பாடினேன். யாருக்கும் கேக்கல," என்றாள். என்ன பாட்டு என்று கேட்டேன். சொல்லவில்லை.

கணுக்காலுக்கு அவள் மஞ்சள் பற்று போட்டிருக்கிறாள். சூடு. சுகமாக இருக்கிறது.

15-7, செவ்வாய். ஐந்தருவி.

வெயிலும் சாரலும் சேர்ந்தே. பேருந்தில் வந்தோம், காலுக்காக. ஐந்து கிளையும் கொட்டுகிறது. நான் குளிக்கவில்லை, பாறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் கூந்தலை உலர்த்தினாள்.

சொன்னேன். நேராக. செங்கோட்டைக்கு உத்தரவு வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் போக வேண்டும் என்று.

அவள் கூந்தலைக் கோதிக்கொண்டே, "தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"சட்டையெல்லாம் துவைக்கது யாரு? பையில காயிதம் இருந்துச்சு. நனஞ்சிரக் கூடாதுன்னு எடுத்துப் படிச்சேன். திரும்ப வச்சிட்டேன்."

"ஒரு மாசமாத் தெரியுமா?"

"நீங்க கொண்டுவந்த மறுநாளே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். வீட்டுல சொல்லதுக்கு எடமில்லன்னு நெனச்சேன். அதான் குத்தாலம் போவோமான்னு கேட்டேன்."

பிறகு, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். இதையும் முதல் தடவையாகத்தான் கேட்கிறேன்.

"எனக்குப் போணும்," என்றாள். உடனே. யோசித்து வைத்திருக்கிறாள். "நம்ம ரெண்டு பேரும் பேசி முடிக்கதுக்குள்ள யாராச்சும் கூப்புடாத வீடு வேணும். அத்தை வரட்டும், பத்து நாள் இருக்கட்டும், நான் நல்லாப் பாப்பேன். ஆனா நமக்குன்னு ஒரு வீடு." நிறுத்தி, "உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம். அதையும் வாயத் தொறந்து சொல்லுங்க," என்றாள்.

அங்கே பழைய பத்திரமெல்லாம் மலையாளத்தில் இருக்கும், மலையாளச் சீமையிலிருந்து பிரிந்து அந்தத் தாலுகா நம் பக்கம் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, எனக்கு ஓர் எழுத்து தெரியாது என்றேன். உண்மையான பயம் அதுவும்தான்.

"படிச்சாப் போச்சு. நானும் படிக்கேன். யாரு முந்துதான்னு பாப்போம்."

சரி என்றேன். உடம்பு லேசானது. வடை வாங்கி வந்தேன், நொண்டிக்கொண்டே. ஒரு குரங்கு பார்த்தது. இந்தத் தடவை பறிகொடுக்கவில்லை.

16-7, புதன். செங்கோட்டை.

காலையிலேயே பஸ். இங்கே மழை இல்லை, காற்று மட்டும். பை இன்று என் முதுகில், பிடிவாதமாக. கால் பரவாயில்லை.

தாலுகா ஆபீசை வெளியிலிருந்து பார்த்தேன். வாசலில் ஒரு பியூன் தூங்குகிறான். எல்லா ஆபீசும் ஒரே மாதிரிதான். தைரியம் வந்தது. தபாலாபீஸ் பலகையில் வைத்துச் சம்மதக் கடிதம் எழுதி, ரிஜிஸ்தர் செய்தாயிற்று. ரசீது அவளிடம்.

பிறகு வீடு பார்த்தோம். மூன்று. முதல் வீட்டில் புகை போக வழியில்லை. இரண்டாவதில் கிணறு தூரம். மூன்றாவது, இரண்டு அறை, பின்வாசல் திறந்தால் தென்னையும் அதற்கு அப்பால் மலையும். பே. அடுப்படியில் குனிந்து நிமிர்ந்து, தண்ணீர் இறைத்து, கதவுத் தாழ்ப்பாளை நாலு தடவை போட்டுத் திறந்து பார்த்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுக்காரம்மா மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறார். "நிங்க ரெண்டு பேரு மாத்திரந்தானா? பின்னே எதுக்கு யோசனை? ஒண்ணாந் தேதி வந்தோ."

மாத்திரம் என்றால் மட்டும். ஒரு சொல் கற்றாயிற்று. அது தமிழிலும் உண்டு என்று பே. சொல்கிறாள்.

அந்த வீட்டுப் பின்வாசல் படியிலேயே உட்கார்ந்து அம்மாவுக்குக் கடிதம். நேரில் சொல்லுமுன் இது போய்ச் சேரட்டும், அழுவதானால் அழுது முடிக்கட்டும் என்பது அவள் யோசனை. நாங்கள் நாளைக் கழித்துத்தான் ஊர் திரும்புவோம்.

நான் எழுதியது: 'மேலிடத்து உத்தரவு, மறுக்க வழியில்லை, மிகுந்த மனவருத்தத்துடன்.' தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"இது பொய்யில்லா?"

"அம்மாவுக்கு ஆறுதலா இருக்கும்."

"நாள ஒருநா நெசம் தெரிஞ்சா அதுவும் சேந்து வருத்தம். போறோம்னு எழுதுங்க. நான் சொன்னேன்னு வேணும்னாலும் எழுதுங்க. எனக்குப் பயமில்ல."

அடித்துவிட்டு எழுதினேன்: 'நாங்கள் இருவரும் பேசி, போவதென்று முடிவு செய்திருக்கிறோம்.'

அந்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். இருவரும் என்ற சொல்லின்மேல் விரலை வைத்தாள். பிறகு பேனாவை வாங்கி, அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள், பேச்சியம்மாள் என்று முழுப்பெயர், எட்டாம் வகுப்பு உருண்டை எழுத்தில். மை காய ஊதிக்கொண்டிருக்கிறாள். நாலு மணித் தபாலுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது.