அலாரத்துக்குச் சொன்ன பெயர்

அன்புள்ள மகள் அனுராதாவுக்கு, அப்பா வாயால் சொல்ல உன் சௌந்தர் மாமா கையால் எழுதும் கடிதம். முழங்கால் வலி தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் அபினவும் சுகமாக இருக்கவேண்டும்.

கங்கைக்கு அடியில் மெட்ரோ ரயில் விட்ட வருஷம்தான், உன் அம்மா போன பிறகு, தனியாக இருக்கிறேன் என்று நீ வீட்டுக்கு அலாரம் மாட்டினாய். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, நம்பர் மறக்காது. இந்தத் துர்கா பூஜைக்கு வந்த நீ நம்பரை மாற்றிவிட்டுச் சொல்ல மறந்து விமானம் ஏறிவிட்டாய். போன செவ்வாய் கரியாஹாட்டில் மீன் வாங்கி வந்து கதவைத் திறந்து பழைய நம்பரை அமுக்கினேன், அது அலறின அலறலில் மேல்வீட்டு மேக்னா பௌதி, கீ ஹொலோ மேஷோமஷாய், என்ன ஆச்சு பெரியவரே என்று மாவுக் கையோடு ஓடிவந்தாள். உனக்குப் போட்டால் அங்கே ராத்திரி, நீ எடுக்கவில்லை. பௌதி அலாரம் கம்பெனிக்குப் போட்டாள். கம்பெனிப் பெண் இந்தியில், நம்பரை மாற்றித் தருகிறோம், ஓனர் மேடம் வைத்த கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், சின்ன வயதில் அவருடைய ஹீரோ யார் என்றாள். இது ஒரு கேள்வியா என்று என் பெயரையே, சிவலிங்கம் என்றேன். தப்பாம். தமயந்தி என்றேன், உன் அம்மா பெயராவது இருக்குமே என்று. அதுவும் தப்பு, இனி ஒரு தடவைதான் என்றாள். பௌதி அலிப்பூருக்குப் போன் செய்து உன் மாமாவை, இதை எழுதும் இவனை, வரவழைத்தாள். இவன் வந்து, கண்கூடச் சிமிட்டாமல், சௌந்தர் மாமா என்றான். அலறல் நின்றது. அந்த மீன் எனக்கு இறங்கவில்லை அம்மாடி.

ராங்க் கார்டில் கையெழுத்துப் போட்டது அவன், தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அவன், ஞாயிற்றுக்கிழமை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போனது அவன். நான் கார்டன் ரீச்சில் கப்பல் தகடு அடித்துவிட்டு வரும்போது நீ தூங்கியிருப்பாய். ஆனால் ஊரே வெள்ளத்தில் மூழ்கிய வருஷம், உனக்கு நாலு வயது, மார்பளவுத் தண்ணீரில் உன்னைத் தோளில் தூக்கி நடந்தவன் நான். உன் மாமா, நீச்சல் தெரியாதவன், பின்னாலே என் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு வந்தான். இதைச் சொன்னதும் பேனாவை நிறுத்திவிட்டு, மச்சான், இதையும் எழுதணுமா என்கிறான். எழுதுடா என்றேன். நீ தோளிலேயே தூங்கிவிட்டாய், கரையேறியதும் அவன் கொடுத்த பிஸ்கட் மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கிறது. பார்த்தவர்களில் உன் அம்மா இன்று இல்லை, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பட்டாபிராமனும் போய்விட்டார். நான் பொய் சொல்கிறேனா என்று கேட்க இவனைத் தவிர உனக்கு ஆள் இல்லை.

அதனால் அந்தப் பதிலை மாற்று. நான் வைத்திருக்கும் புது நம்பர் அந்த வெள்ளம் வந்த வருஷம்தான். தெரியாவிட்டால் என்னைக் கேள், அவனைக் கேட்காதே. அங்கே குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. தீர்க்காயுசாக இரு, பேரனுக்கு என் முத்தம்.

உன் அப்பா சிவலிங்கம், இடது கைப் பெருவிரல் ரேகை.

இது மச்சான் கைநாட்டுதான், வேட்டி முனையைப் பிடித்ததும் நிஜம்தான், அதற்குச் சாட்சி:
சௌந்தரராஜன்