லோரியில் நனைந்த மெஷின்

கோலா சிலாங்கூர்

அன்பு மகள் விஷாலினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் விடவில்லை. ஜொகூரில் நீயும் சுகமாக இருக்க மாரியாத்தா பார்த்துக்கொள்வாள். சுகம் கேட்டாகிவிட்டது, இனி திட்டப்போகிறேன். போனில் திட்டினால் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

போன வாரம் நீ சிரித்துக்கொண்டே சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தொழிற்சாலையில் புது மெஷின் வைக்கும் குழுவில் நீயும் நம் பக்கத்து வீட்டுத் திவாகரனும் இருக்கிறீர்கள். அவன் எடுத்த கதவு அளவு தப்பு என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு தடவை சொன்னாய், ஒனக்கு என்னா தெரியும்லா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். அவன் கேட்டது தப்புதான், நானாயிருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். ஆனால் நீ, பட்டுத் தெரியட்டும் என்று மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாயே! மெஷின் உள்ளே நுழையாமல் லோரியிலேயே மழையில் நனைந்ததாம், உனக்குச் சிரிப்பாம். இதற்குப் பெயர் கருத்து வேறுபாடா? வஞ்சம்!

அவன் அம்மா விஜயராணி நேற்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, புள்ளைய வேலைய விட்டுத் தூக்கிருவாங்களாம்க்கா, இவ்ளோ பேர் இருந்தும் ஒருத்தரும் பாக்கலையாம் என்று அழுதாள். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பெற்றவளை இந்த நிலையில் வைத்துவிட்டாயே, பாவி.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். போன ஆடித் திருவிழாவில் அன்னதானத்துக்கு மூன்று மூட்டை அரிசி போதும் என்றாள், சமையல் பொறுப்பிலிருந்த திலகம். கெர்லிங் ஊரிலிருந்து ஒரு பஸ் ஆட்கள் வருவது எனக்குத் தெரியும், ஐந்து வேண்டும் என்றேன். நீ சும்மா இரு அக்கா என்றாள். நானும் கையைக் கட்டிக்கொண்டு சும்மாதான் இருந்தேன். அன்று பசியோடு திரும்பியது திலகம் இல்லை, விரதமிருந்து பால்குடம் எடுத்த சனம். இதை யாரிடமும் சொன்னதில்லை. நேற்று சாயங்காலம்தான் திலகம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். என்னை வழியனுப்ப அவள் வாசல் வரைக்கும்கூட வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

நீயும் மேனேஜரிடம் போய், தப்பு தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்று சொல். அவன் மரியாதையில்லாமல் பேசியதையும் சேர்த்தே சொல், அதை விழுங்க வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, நல்லாயிரு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்திருப்பேன். சனிக்கிழமை காலையில் விஜயராணி வீட்டுக் கதவைத் தட்டி, என் மகளுக்குத் தெரியும் என்று நானே சொல்லிவிடுவேன்.

கோபம் ஆறாத உன் அம்மா,
புஷ்பவள்ளி