ரொட்டிக்கடை டோக்கன்

ஜூன் 4

அன்புள்ள பல் டாக்டருக்கு,

நலம். "டாக்டர் இல்லடா, பல் செட் செய்யறவன்"னு நீ முறைப்பது தெரிகிறது. கேட்டபடி ரொட்டிக்கடை டோக்கனைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். யுத்த காலத்தில் சில்லறை கிடைக்காமல் கடைக்காரர்களே அடித்துவிட்ட டோக்கன்கள் எத்தனையோ சேர்த்துவிட்டோம். "அரை ரொட்டி" என்று போட்டது இது ஒன்றுதான். மீதிச் சில்லறைக்குப் பதிலாக என் அம்மா கையில் கடைக்காரர் கொடுத்தது. மறுநாள் போனால் கடையே இல்லையாம். படமெடுத்ததும் அனுப்பிவிடு. தேய்த்துப் பளபளப்பாக்கித் தொலைக்காதே.

உன் தையற்காரன்

ஜூன் 19

என் அருமை ஊசிக்காரனுக்கு,

டோக்கன் இத்துடன் வருகிறது. தூசிகூடத் துடைக்கவில்லை, போதுமா? எனக்குத் தைப்பதாகச் சொன்ன சட்டை எங்கே? தொப்பை வளர்வதற்குள் அனுப்பு.

உன் பல்லுக்காரன்

ஜூன் 25

அன்புள்ள பல்லுக்காரனுக்கு,

ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு டோக்கனுக்கும் அளந்து ஆல்பம் அட்டையில் குழி வெட்டுகிறவன் நான். நீ அனுப்பியது அதன் குழியில் ஆடுகிறது. அச்செடுத்து உலோகத்தை வார்த்தால் ஆறும்போது மயிரிழை சுருங்கும் என்று சொல்லிக் கொடுத்ததே நீதான். படத்துக்காக நகல் ஏதாவது செய்தாயா? "மாத்திப் போட்டுட்டேன்டா"ன்னு ஒரு வரி எழுது, போதும். சட்டைக்குப் பித்தான் தைப்பதுதான் பாக்கி.

உன் தையற்காரன்

ஜூலை 8

நண்பனுக்கு,

இருபத்திரண்டு வருஷப் பழக்கம். என்னைப் போய்! உனக்குத்தான் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. குழியைப் பெரிதாக வெட்டியிருப்பாய். முதலில் கண்ணாடியை மாற்று.

பல்லுக்காரன்

ஜூலை 15

ஐயா,

கண்ணாடியை மாற்றினேன். ஆல்பம் முழுவதையும் எடுத்துப் பார்த்தேன். படமெடுக்க என்று இத்தனை வருஷத்தில் நீங்கள் வாங்கிப் போனவை பதினொன்று. பதினொன்றும் ஆடுகின்றன. வாய்விட்டுக் கேட்டிருந்தால், அம்மாவுடையதைத் தவிர எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்திருப்பேனே!

பழகத் தொடங்கிய புதிதில் நீங்கள் பரிசாகத் தந்த சவரக்கடை டோக்கன் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அப்பாடா, இதாவது நிஜம் என்று நினைத்தேன். அதற்குக் குழி வெட்டியதே நீங்கள் தந்த பிறகுதான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

சட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அளவு தப்பாது. பதில் எழுத வேண்டாம்.

தையற்கடைக்காரர்