எல்லா வாசலிலும் ஒரே திரை

அருள்புரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அனிதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை, மஸ்கட்டில் நீ சுகமாக இருந்தால் அதுவே போதும். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நம் லைன் வீட்டில் போனில் பேசினால் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் கேட்கும், அதனால்தான்.

நீ போன பிறகு ஊர் இன்னும் நெருக்கமாகிவிட்டது கண்ணு. வீரபாண்டி வரைக்கும் காலி இடம் கண்ணில் படுவதில்லை, மாட்டுக் கொட்டகையைக்கூடத் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒரே சந்துக்குள் தேனிக்காரர், ஒடிசாக்காரர், பீகார்க்காரர் எல்லோரும் இடித்துக்கொண்டுதான் நடக்கிறோம். நம் வீட்டுக்காரர் மகுடேஸ்வரன் பின் சந்திலும் இதே அளவில், இதே பச்சைக் கதவோடு ஒரு வரிசை கட்டிவிட்டார். போதாததற்குத் தீபாவளிக்கு அவர் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன நீலக்கோடு போட்ட பனியன் துணியை எல்லா வீட்டுக்கும் கொடுத்தார், எல்லோரும் அதையே வாசலுக்குத் திரையாகத் தொங்கவிட்டோம். சும்மா வருவதை யார் வேண்டாம் என்பார்கள்.

போன வாரம் பின் சந்துக்கு பிகாஷ் என்று ஓர் ஒடிசாக்காரன் குடிவந்தான். தண்ணீர்க் குழாய் எங்கே என்று என்னிடம் கையாலேயே கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போனான். மறுநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தவன் சந்து மாறி, திரையைப் பார்த்துத் தன் வீடு என்று எண்ணி, நம் எதிர்வீட்டுச் சீனியம்மாள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான். உள்ளே தொட்டிலில் அவள் பேத்தி. பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியில் ஊரே பயந்து கிடந்த நேரம். சீனியம்மாள், "பிள்ளையத் தூக்குறான்" என்று கத்தினாள், அவ்வளவுதான். தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள், சாக்கடை ஓரம் போட்டு மிதித்தார்கள். சாவியைத் தூக்கித் தூக்கிக் காட்டினான், அந்தக் கையையே முறித்தார்கள். பல் தெறித்து நம் வாசல்படியில் விழுந்தது. உன் தம்பி அருள்குமார் மோட்டார் பக்கம் கிடந்த இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு ஓடினான். பின் சந்தில் குடியிருக்கிறவன்டா, விடுங்கடா என்று நான் குறுக்கே போய்க் கெஞ்சினேன், என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டு அந்த ஆளின் மண்டையில் அடித்தான். ஒரு தரம் இல்லை. அசைவு நின்ற பிறகும் அடித்தான். நான் பெற்ற பிள்ளையின் முகத்தில் அப்போது சந்தோஷம் இருந்தது அனிதா. இதை வேறு யாரிடம் சொல்வேன்.

பிகாஷ் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், நினைவு திரும்பவில்லை. அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு ரயிலேறி வந்து வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். போலீஸ் வந்து கேட்டதற்குச் சந்தில் ஒருவர் பாக்கியில்லாமல் பார்க்கவில்லை என்றார்கள். அடுத்த வீட்டுக் குக்கர் விசிலை எண்ணுகிற சனத்துக்கு அன்றைக்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை. மகுடேஸ்வரன் வந்து, "ரோட்டுல போனவங்க ஆரோ அடிச்சுப்போட்டாங்கன்னு சொல்லிப்போடு அமராவதி. வடக்கத்தியானுக்காவப் பெத்த பையனக் காவு குடுப்பியா?" என்றார். அப்பாவும் தலையாட்டினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் நானே ஸ்டேஷனுக்குப் போய், "எம் பையன் அடிச்சானுங்க, நான் பாத்தனுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மற்றவர்கள் பெயரையும் சொன்னேன். ஜீப்பில் ஏறும்போது அருள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா என் கையால் சாப்பிடுவதில்லை. குழாயடியில் என் குடத்தைத் தள்ளி வைக்கிறார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் மகுடேஸ்வரன்.

நீயும் பாஷை தெரியாத ஊரில் இருக்கிறாய். அறை நம்பரைப் பார்க்காமல் எந்தக் கதவையும் தள்ளாதே, வேலைவிட்டு வரும்போது தனியாக வராதே. வேளைக்குச் சாப்பிடு. மாரியம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாள், நல்லா இரு சாமி.

ஒன்றை மறந்துவிடாதே. ஜாமீனில் வந்ததும் அருள் உனக்குப் போன் செய்து அழுவான். சொன்னதை மாற்றிச் சொல்லும்படி அம்மாவிடம் பேசு என்பான், அப்பாவும் சொல்வார். நீ பேசாதே கண்ணு. நீ கேட்டால் நான் மாற்றிவிடுவேன்.

உன் அம்மா,
ரா. அமராவதி