வாலிக்கோ பார்த்துவிட்டு வந்த வீடு

மார்ச் 3

இதெல்லாம் நடக்கும் என்று நான் போன வருஷமே சொன்னேன். தேக்லே ஜெர்மன் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கே, என் வேனில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "என் தங்கை மகள் அடுத்த வசந்தத்தில் ஜெர்மனியில் இருப்பாள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். யாரும் எழுதி வைக்கவில்லை. நான்தான் எழுதுகிறேன்.

குடும்பம் கிடைத்துவிட்டது! ஹரால்ட் என்று ஒருவர், மனைவி ஸபீனே, இரண்டு சின்னப் பிள்ளைகள். ஃபேஸ்புக்கில் இவளைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஓ-பேர் என்று பெயர். அவர்கள் வீட்டிலேயே தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் பாஷை படிப்பது. வேலைக்காரி இல்லை, அந்த வீட்டு மூத்த பெண் மாதிரி. எங்கள் ஊர் குத்தாய்சியிலிருந்து ஏர்போர்ட்டுக்கு வேன் ஓட்டுகிறவன் நான். பாதி ஊரை ஐரோப்பாவுக்கு அனுப்பி வைத்ததே இந்தக் கைதான். எனக்குத் தெரியாதா?

இன்றைக்கு ஏறிய அம்மாள் ஒருத்தியிடம், அந்த வீட்டுக்குப் பின்னால் சொந்த ஏரி இருக்கிறது என்றேன். போட்டோவைக் காட்டச் சொன்னாள். தேக்லே முன் சீட்டிலிருந்து, "அது ஏரி இல்ல மாமா, மழை பேஞ்சு தண்ணி நிக்குது" என்றாள். இந்தப் பெண்ணிடம் இதுதான் குறை.

மார்ச் 5

தேக்லேக்கு ஆயிரம் சந்தேகம். அவள் கேட்டது: அந்த அம்மாளை வீடியோவில் பார்க்க வேண்டும். முன்பு அங்கே இருந்த பெண்ணிடம் பேச வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். இங்கிருந்தே விசா வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஹரால்டின் பதில்: மனைவிக்கு உடம்பு சரியில்லை, கேமராவும் ரிப்பேர். முன்பு இருந்த பெண் பிரேசிலுக்குத் திரும்பிவிட்டாள், நம்பர் இல்லை. விசாவுக்கு மாசக்கணக்கில் எதற்குக் காத்திருக்க வேண்டும்? உங்கள் நாட்டுக்காரர்கள்தான் சுற்றிப்பார்க்க விசா இல்லாமலே வரலாமே. அப்படியே வா, காகிதமெல்லாம் இங்கே முடித்துக்கொள்ளலாம்.

"இது சரியா படல மாமா. அந்த அம்மா முகத்த நான் பாக்கவே இல்ல."

"முகத்தப் பாத்து என்ன பண்ணப் போறே? பொண்ணு பாக்கவா போறே?"

"அவங்க வீட்ல போய்ப் படுத்துத் தூங்கப் போறேன். அந்த ரூமை உள்பக்கமா தாழ் போட முடியுமான்னுகூட எனக்குத் தெரியாது."

நான் சிரித்தேன். நான் சிரித்ததால் என் தங்கை சியாலாவும் சிரித்தாள். புருஷன் போன பிறகு அவள் எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறாள். தேக்லே சிரிக்கவில்லை.

மார்ச் 8

பெண்கள் தினம். சியாலா வீட்டில் விருந்து. தமாதா நான்தான், வேறு யார்? எதற்குக் குடிக்க வேண்டும், யார் பேச வேண்டும் என்று மேசையில் சொல்கிறவன். இந்தத் தெருவில் என்னைப்போல் வாழ்த்துச் சொல்லிக் கிண்ணம் தூக்க ஆளில்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்தினேன், ஆனால் என் பேச்சைக் கேட்டு வாத்தியார்கள் அழுதிருக்கிறார்கள்.

அம்மாக்களுக்குக் குடித்தோம், போய்ச் சேர்ந்தவர்களுக்குக் குடித்தோம். தேக்லேயின் பயணத்துக்குக் கிண்ணத்தைத் தூக்கினேன். அப்போதுதான் பக்கத்து வீட்டு நுக்ரி வாயைத் திறந்தான்.

"எல்லாம் சரிடா அம்பர்கி. அந்த ஆளுங்கள யாராவது கண்ணால பாத்தீங்களா? இல்ல, கோழிக்குஞ்ச விக்கிற மாதிரி பொண்ண பொட்டில வச்சு அனுப்புறீங்களா?"

மேசை முழுக்க என்னையே பார்த்தது. தமாதா கிண்ணத்தைத் தூக்கிவிட்டுப் பதில் இல்லாமல் நிற்க முடியுமா?

"பாத்தாச்சுடா! நம்ம வாலிக்கோ பாத்துட்டு வந்துட்டான். லாரியோட அந்தப் பக்கம் போனவன், என் பேச்சுக்காக வீட்டுக்கே போயிருக்கான். அந்த அம்மா ஆப்பிள் கேக் வச்சுக் குடுத்திருக்கு. பிள்ளைங்க ரெண்டும் அவன் கழுத்தக் கட்டிக்கிட்டு விடவே இல்லியாம். தேக்லேக்கு ரூம்கூட தயாரா இருக்கு, ஜன்னல்ல பூத்தொட்டி!"

எல்லோரும் எழுந்து நின்று குடித்தார்கள். நுக்ரியும். எழுந்து நின்று குடித்த பிறகு அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், கேட்டால் அது தமாதாவின் முகத்தில் துப்புவது.

தேக்லே என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

என் சிநேகிதன் வாலிக்கோ லாரியோடு ஜெர்மனிக்குப் போனது உண்மை. அந்த வீட்டுக்கு — போயிருக்கலாம். நான் சொல்லியிருந்தால் போயிருப்பான்.

மார்ச் 9

சியாலா காலையிலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன் அண்ணா" என்றாள். காபி குடிக்கச் சொன்னேன். குடிக்காமல் போனாள்.

தலை வலிக்கிறது. வைன் நல்ல வைன்தான்.

மார்ச் 11

தேக்லே வாலிக்கோவின் நம்பரைக் கேட்டாள். துருக்கிப் பக்கம் மலையில் இருக்கிறான், சிக்னல் கிடைக்காது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அந்த அம்மா எப்படிப் பேசினாங்களாம் மாமா?"

"மெதுவா. குரலே வெளிய வராதாம். அவ்வளவு நல்லவ."

"பிள்ளைங்க?"

"சின்னதுக்குக் கன்னத்துல குழி விழுமாம்."

அவள் சிரித்தாள். இந்த ஒரு வாரத்தில் முதல் தடவை, கவலையில்லாமல் சிரித்தாள். ஹரால்டிடம் இனி வீடியோ கேட்கப்போவதில்லை என்றாள். சாயங்காலம் விமான டிக்கெட் போட்டுவிட்டாள்.

நான் வேனைக் கழுவினேன். இரண்டு தடவை.

மார்ச் 18

ஹரால்ட் எழுதியிருக்கிறார். வீடு மாறிவிட்டார்களாம், புது விலாசம் பிறகு தருவாராம். ஏர்போர்ட்டுக்கு அவர் வர முடியாது, தம்பி வருவார். பதிவு செய்வதற்காகத் தம்பியிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும். எல்லையில் கேட்டால் பிள்ளை பார்க்க வந்தேன் என்று சொல்லக் கூடாது, ஊர் சுற்ற வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

தேக்லே இதை வாசித்துவிட்டு, "வாலிக்கோ மாமா பாத்த வீடுதானே மாறியிருக்கு, ஆளுங்க அதே ஆளுங்கதானே?" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி கேட்டாள்.

"அதே ஆளுங்கதான்" என்றேன்.

ஊர் சுற்ற வந்தேன் என்று சொல்லச் சொல்லி அனுப்பப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சிலர் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டு என் வேனில்தான் ஏறினார்கள். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்கள். அவர்கள் அதிர்ஷ்டக்காரர்கள். உள்ளே போனவர்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

மார்ச் 19

வாலிக்கோவைக் கூப்பிட்டேன். இங்கேயே போத்தி துறைமுகத்தில் லாரியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"எந்த வீடு? எந்தக் கேக்? நான் பார்டர தாண்டினா டீசல் பங்க்கத் தவிர எதையும் பாக்கிறதில்லடா."

சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "டேய், அது உன் வீட்டுப் பொண்ணு. இன்னிக்கே போய்ச் சொல்லு" என்றான்.

போனேன். சியாலா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். திராட்சைச் சாற்றில் தோய்த்த அக்ரூட் சரங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைகளுக்காம். "வாலிக்கோ கழுத்தக் கட்டிக்கிச்சுங்களே, அதுங்களுக்கு."

பெட்டியின் ஜிப்பை இழுத்து மூட உதவி செய்துவிட்டு வந்தேன்.

நான் ஒரு மனுஷனா?

மார்ச் 22

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

தேக்லேயை ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டு போனேன். சியாலா வாசலோடு நின்றுவிட்டாள். கோபித்னாரி தாண்டியதும் நடுரோட்டில் மாடுகள். நிறுத்தினேன். அந்த இடத்தில் என் மனசாட்சி இடி மாதிரி பேசியது. இன்ஜினை அணைத்தேன். அவள் பக்கம் திரும்பி, "தேக்லே, நான் பொய் சொன்னேன். வாலிக்கோ அந்த வீட்டுப் பக்கமே போகல. போகாதே" என்றேன். என் கண்ணில் தண்ணீர். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "உங்கள மாதிரி ஒரு மாமா யாருக்குக் கிடைப்பாங்க" என்றாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு போலீஸ்காரர் இறங்கி வந்து, விஷயத்தைக் கேட்டு, தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். வேனைத் திருப்பினேன். மாடுகளே வழிவிட்டன.

பெண் வீட்டில் இருக்கிறாள். அதுதான் முக்கியம்.

மார்ச் 25

ரொட்டிக் கடை வரிசையில் நுக்ரி என்னைப் பார்த்ததும், "வாடா இன்டர்போல்!" என்று கத்தினான்.

ஊருக்கு நான் சொன்னது வேறு. எனக்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், கடைசி நாள் தகவல் வந்தது, ஹரால்ட் மோசடிக்காரன் என்று கண்டுபிடித்து வேனைத் திருப்பினேன். சியாலாவுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

வரிசையில் எனக்கு முன்னால் தேக்லே நின்றிருந்தாள். நான் கவனிக்கவில்லை.

"உங்க மாமா சொல்றது நிஜமாம்மா? இல்ல, வழக்கம்போலயா?" என்று நுக்ரி அவளிடம் கேட்டான்.

அவள் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே, "நிஜம்தான். மாமாதான் கண்டுபிடிச்சாங்க" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

பொய் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை எனக்கு வரும்.

மார்ச் 30

ஏர்போர்ட் சவாரியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டேன். சந்தைப் பக்கம் ஓட்டுகிறேன். பேச்சுக் குறைவு, மூட்டை அதிகம்.

ஏப்ரல் 17

ஃபேஸ்புக்கில் வந்த ஒன்றைத் தேக்லே அவள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது நான் இருந்தேன். இருந்திருக்கக் கூடாது.

அதே ஹரால்டை நம்பி ஸெஸ்தபோனியிலிருந்து ஒரு பெண் போயிருக்கிறாள். ஏர்போர்ட்டில் தம்பி என்று ஒருவன் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டானாம். அந்த வீட்டில் மனைவி இல்லை, குழந்தையும் இல்லை. அவள் ரூமுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்ததாம். ஒரு நாள் குப்பை போட விட்டபோது பக்கத்து வீட்டுக்கு ஓடிக் கதவைத் தட்டியிருக்கிறாள். போலீஸ் வந்து இப்போது ஊர் திரும்பிவிட்டாள். மற்ற பெண்களுக்குத் தெரியட்டும் என்று அவளே எழுதியிருக்கிறாள். வேறு என்ன நடந்தது என்று எழுதவில்லை.

 சியாலா மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, அப்போ வாலிக்கோ கழுத்தக் கட்டிக்கிட்ட பிள்ளைங்க யாரு?"

"வீடு மாறிப் போயிருப்பான். அந்தத் தெருவுல எல்லா வீடும் ஒரே மாதிரியாம்."

சொன்னேன். அப்போதும் சொன்னேன்! தேக்லே செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஜூன் 6

தேக்லே இந்தத் தடவை ஒரு ஏஜென்சி மூலமாகத் தேடுகிறாள். இரண்டு குடும்பங்களை வேண்டாம் என்றுவிட்டாள். ஒன்று வாரத்தில் ஓய்வு நாள் பற்றிப் பதில் சொல்லவில்லை. இன்னொன்று அவசரப்படுத்தியதாம். "அவசரப்படுத்துறவங்க வேண்டாம் மாமா" என்றாள். என்னைத்தான் சொன்னாளா?

ஜூலை 20

இன்று வீடியோ. என்னையும் உட்காரச் சொன்னாள், ஒரு நிபந்தனையோடு: வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு அம்மா, ஒரு அப்பா, மூன்று பிள்ளைகள், ஒரு நாய். அந்த அம்மாளின் குரல் மெதுவானது இல்லை, தெருமுனை வரை கேட்கும். தேக்லேக்கான ரூமைக் காட்டினாள். தேக்லே கேட்காமலே அந்த அம்மாள் கதவை மூடி, உள்ளே சாவி போட்டுத் திருப்பிக் காட்டினாள். முன்பு இருந்த கொலம்பியாப் பெண்ணோடு தேக்லே தனியாகப் பேசிவிட்டாளாம். ஒப்பந்தம் வந்துவிட்டது. விசா ஒட்டின பிறகுதான் டிக்கெட்.

அந்த அம்மாள் என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். தேக்லே ஜெர்மனில் சொன்னதைப் பிறகு எனக்குச் சொன்னாள்: "எங்க மாமா. வண்டி ஓட்டுறாங்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் ஒன்றும் சேர்க்கவில்லை.

செப்டம்பர் 14

நாளைக்குத் தேக்லே போகிறாள். விசா பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிறது, தொட்டுப் பார்த்தேன். ஒப்பந்தத்தின் நகல் சியாலாவிடம், அங்கே இருக்கிற நம் தூதரகத்தின் நம்பர் தேக்லேயின் ஷூவுக்குள்ளே.

சியாலா வீட்டில் மறுபடி விருந்து. கிண்ணத்தை என்னிடம்தான் கொடுத்தார்கள். நுக்ரி பழைய கேள்வியையே கேட்டான், விளையாட்டாகத்தான்: "என்னடா, இந்த ஆளுங்களயும் வாலிக்கோ போய்ப் பாத்துட்டானா?"

"இல்ல" என்றேன். "போன தடவையும் பாக்கல. அவன் எங்கயும் போகல. நான்தான் சொன்னேன்."

யாரும் எழுந்து நிற்கவில்லை. நுக்ரி கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவனுக்குக்கூடக் கேலி வரவில்லை. சியாலா அடுக்களைக்குள் போனாள். வெகு நேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு சூடான ரொட்டியோடு வந்து எல்லார் தட்டிலும் வைத்தாள். எனக்குக் கடைசியாக வைத்தாள். வைத்தாள்.

"இவங்கள நான் பாத்தேன்" என்றாள் தேக்லே. அதற்குக் குடித்தோம், உட்கார்ந்தபடியே.

இன்னும் ஒன்று இருக்கிறது. மேசையில் அதைச் சொல்லவில்லை.

மார்ச் 22 அன்று எழுதியது பொய். மாடுகள் நின்றது நிஜம், நான் நிறுத்தியதும் நிஜம். ஆனால் வாயைத் திறக்கவில்லை. மாடுகள் போனதும் வண்டியை எடுத்தேன். ஏர்போர்ட்டில் அவள் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வேனுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். உள்ளே போன தேக்லே ஹரால்டுக்குப் போன் போட்டு, உன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் ஏற மாட்டேன் என்றிருக்கிறாள். அவன் கத்திவிட்டு இவள் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டான். தனியாகவே முடிவு செய்து, பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் என் தோளில் சாய்ந்து அழவில்லை. ஏறி உட்கார்ந்து, "வாலிக்கோ மாமா போகவே இல்லைல்ல?" என்றாள். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வண்டிய எடுங்க. ஊருக்கு என்ன சொல்றதுன்னு நீங்களே பாத்துக்கோங்க. அதுல நீங்க கெட்டிக்காரங்க."

போலீஸ்காரர் யாரும் வரவில்லை.